எல்லாக் கடைகளிலும் தனிக்குவளை இல்லை

ஒரே ஒரு வாக்கியத்தில் கையெழுத்துப் போட்டு நாங்கள் ஏமாந்த கதை இது. இளம் தோழர்கள் யாரும் அதே குழியில் விழ வேண்டாம் என்பதால் எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தின் இரட்டைக் குவளை முறை பற்றிப் புகார் கொடுத்தோம். மனுவை எழுதியதும் நாங்கள்தான். கோபத்தில் எழுதினோம். ‘இந்த ஊரில் எந்த டீக்கடையிலும் எங்கள் மக்களுக்குக் கண்ணாடி கிளாஸில் டீ தருவதில்லை’ என்று முதல் வரியிலேயே போட்டோம். விசாரிக்க வந்தவர்கள் நேராக பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அது வெளியூர்க்காரர் நடத்தும் கடை. அங்கே எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தான். காலனிப் பையன்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. ‘புகாரில் கூறப்பட்டவாறு நிலைமை இல்லை’ என்று பதில் வந்தது. மீதி நாலு கடைகளில் அவர்கள் ஏறவே இல்லை.

அதற்குப் பிறகு சமாதானக் கூட்டம். கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதினார்கள்: ‘எல்லாக் கடைகளிலும் தனிக்குவளை இல்லை என்பதை இரு தரப்பாரும் ஏற்கின்றனர்.’ நாங்கள் அதைப் படித்த விதம் வேறு. எல்லாக் கடையிலும் இல்லை, சில கடையில்தான் இருக்கிறது, அதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தோம். முதல் மனுவில் மிகையாக எழுதிவிட்டோமே என்ற கூச்சமும் இருந்தது. கையெழுத்துப் போட்டோம். ஆறு மாதம் கழித்து அடுத்த புகாரோடு போனபோது அந்தத் தாளை எடுத்துக் காட்டினார்கள். ‘எந்தக் கடையிலும் தனிக்குவளை இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே!’

கையெழுத்து எங்களுடையதுதான். வாக்கியத்துக்குத்தான் இரண்டு முகம் இருந்தது.

கல்லூரியில் அளவையியல் படித்த தோழர் ஒருவர் அன்று இரவு ஒரு நோட்டில் நாலு வரி எழுதிக் காட்டினார். அந்த நாலு வரியைத்தான் உங்களுக்குக் கொடுக்க விரும்புகிறோம். தர்க்கம் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் மனு எழுதுகிறவர்களுக்கு, அரசின் பதிலைப் படிக்கிறவர்களுக்கு இது அன்றாடக் கருவி.

நாம் பேசும் வாக்கியம் எதுவாக இருந்தாலும், இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான உறவாக அதை மாற்றிப் பார்க்க முடியுமா என்று கேட்பதுதான் முறை. எந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறோமோ அது எழுவாய். அதைப் பற்றி என்ன சொல்கிறோமோ அது பயனிலை. அப்படி மாற்றினால் நான்கே வடிவங்கள் வரும். எல்லா டீக்கடைகளும் தனிக்குவளை வைக்கும் கடைகள்: இது நிறைவிதி. எந்த டீக்கடையும் தனிக்குவளை வைக்கும் கடை அன்று: இது நிறைமறை. சில டீக்கடைகள் தனிக்குவளை வைக்கும் கடைகள்: குறைவிதி. சில டீக்கடைகள் தனிக்குவளை வைக்கும் கடைகள் அல்ல: குறைமறை. ‘சில’ என்பதற்கு இங்கே ‘குறைந்தது ஒன்று’ என்று மட்டுமே பொருள். நம் பேச்சில் சில என்றால் இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். அளவையியலில் ஒன்றே போதும். இந்தச் சின்ன வித்தியாசம் நமக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது பிறகு தெரியும்.

நிறைவிதியை உடைக்க ஒரு குறைமறை போதும். நிறைமறையை உடைக்க ஒரு குறைவிதி போதும். நிறைவிதியும் நிறைமறையும் இரண்டுமே ஒரே நேரத்தில் பொய்யாக இருக்கலாம். அந்தக் கிராமத்தில் அப்படித்தான் இருந்தது. எல்லாக் கடையிலும் தனிக்குவளை என்பதும் பொய், எந்தக் கடையிலும் இல்லை என்பதும் பொய்.

இப்போது எங்கள் மனுவின் முதல் வரியைப் பாருங்கள். ‘எந்த டீக்கடையும் எம் மக்களுக்குக் கண்ணாடி கிளாஸ் தரும் கடை அன்று.’ சுத்தமான நிறைமறை. அதைச் சாய்க்க ஒரே ஒரு கடை போதும். அந்த ஒரு கடை பஸ் ஸ்டாப்பில் இருந்தது. விசாரணைக்கு வந்தவருக்குத் தர்க்கம் தெரியுமோ தெரியாதோ, எங்கே போக வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. அதற்குப் பதில், ‘இந்த ஊரில் சில டீக்கடைகள் எம் மக்களுக்குக் கண்ணாடி கிளாஸ் தரும் கடைகள் அல்ல’ என்று எழுதியிருந்தால்? அதைப் பொய்யென்று காட்ட அவர் ஐந்து கடைகளிலும் ஏறி, ஐந்திலும் ஒரே கிளாஸ் என்று நிரூபித்திருக்க வேண்டும். நாலு கடையில் மாட்டியிருப்பார். உண்மை ஒன்றுதான். அதை எந்த வடிவத்தில் சொன்னோம் என்பதைப் பொறுத்துச் சுமை எங்கள் தோளிலிருந்து அவர் தோளுக்குப் போயிருக்கும்.

சட்டமும் அதற்கு மேல் கேட்கவில்லை. அரசமைப்பின் 17ஆம் பிரிவு எந்த வடிவத்திலான தீண்டாமையையும் தடை செய்கிறது. எல்லா இடத்திலும் நடந்தால்தான் குற்றம் என்று அதில் எங்கேயும் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நாலாம் பிரிவில் உணவுக் கடைகளில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் குற்றங்களில் சேர்த்திருக்கிறது. ஒரு கடை, ஒரு நாள், ஒரு குவளை போதும். பிறகு ஏன் நாம் ‘எந்தக் கடையிலும்’, ‘எப்போதுமே’, ‘ஒருத்தர்கூட’ என்று எழுதுகிறோம்? ஒரு சம்பவத்தைச் சொன்னால் ‘அது தனிப்பட்ட விஷயம், அதை வைத்து ஊரையே குறை சொல்லாதீங்க’ என்பார்கள் என்ற பயம்தான். நம்மிடம் எப்போதும் நிறைவிதியைக் கேட்கிறார்கள். அவர்களுடைய ‘இங்க யாரும் சாதி பார்க்கிறதில்லை’ என்ற நிறைமறைக்கு மட்டும் யாரும் சாட்சி கேட்பதில்லை.

இனி அந்த இரண்டு முக வாக்கியம். ‘எல்லா’வும் ‘இல்லை’யும் ஒரே வாக்கியத்தில் வந்தால் தமிழில் கவனம் வேண்டும். ‘எல்லா ஊரிலும் தீண்டாமை இல்லை’ என்று ஒருவர் சொன்னால், எந்த ஊரிலும் இல்லை என்றும் எடுக்கலாம், எல்லா ஊரிலும் இருப்பதாகச் சொல்ல முடியாது என்றும் எடுக்கலாம். பேச்சில் குரலின் அழுத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ‘எல்லா ஊர்லயும்’ என்று இழுத்துச் சொன்னால் குறைமறை. காகிதத்துக்குக் குரல் இல்லை. அதனால் நாங்கள் வைத்திருக்கும் விதி எளிமையானது: எழுத்தில் ‘எல்லா… இல்லை’ வந்தால் கையெழுத்துக் கிடையாது. ‘எந்தக் கடையிலும் இல்லை’ என்று எழுதுங்கள், அல்லது ‘சில கடைகளில் இல்லை, சில கடைகளில் இருக்கிறது’ என்று எழுதுங்கள், பிறகு பேனாவை எடுக்கிறோம் என்று சொல்லிவிடுவோம். எழுதியவர் முகம் அப்போது எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே அவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று தெரிந்துவிடும்.

எத்தனை பேர் என்றே சொல்லாத வாக்கியங்கள் இன்னும் மோசம். ‘கோட்டாவில் வந்தவங்க படிக்க மாட்டாங்க.’ ‘காலனிப் பசங்க வம்புக்குப் போவாங்க.’ எல்லாருமா, சிலரா? சொன்னவர் அதைத் திறந்தே வைத்திருப்பார். நாம் ஒரு தங்கப் பதக்க மாணவியைக் காட்டினால் ‘நான் எல்லாரையும் சொல்லலையே’ என்று குறைவிதிக்குள் பதுங்குவார். நாம் நகர்ந்ததும் மறுபடி நிறைவிதியாகப் பேசுவார். விடுதியிலோ வகுப்பிலோ இதைக் கேட்க நேர்ந்தால் உடனே கோபப்பட வேண்டாம். ‘எல்லாருமா, சிலரா? ஒன்றைச் சொல்லுங்க’ என்று அமைதியாகக் கேளுங்கள். எல்லாரும் என்றால் ஒரு பெயர் போதும், கதை முடிந்தது. சிலர் என்றால், எந்தச் சாதியில்தான் படிக்காத சிலர் இல்லை?

‘மட்டும்’, ‘தான்’ என்ற சொற்கள் எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றிவிடும். ‘தகுதி உள்ளவர்கள் மட்டுமே இங்கே நுழைகிறார்கள்’ என்று பெரிய கல்வி நிறுவனங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். இதை வடிவத்துக்குக் கொண்டுவந்தால் ‘இங்கே நுழைபவர் அனைவரும் தகுதி உள்ளவர்’ என்று வரும். ‘தகுதி உள்ளவர் அனைவரும் இங்கே நுழைகிறார்கள்’ என்று வராது. முதல் வாக்கியம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், வெளியே நிற்பவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கோச்சிங் கட்ட வழியில்லாமல் நின்றவள், விண்ணப்பமே தெரியாமல் போனவன், எல்லாரும் தகுதியோடே வெளியே நிற்கலாம். ஆனால் கேட்பவர் காதில் என்ன விழுகிறது? வெளியே நிற்பவனுக்குத் தகுதி இல்லை என்று. சொன்னவரும் அது விழட்டும் என்றுதான் சொல்கிறார்.

இதே ‘மட்டும்’ சட்டத்திலும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, மூன்றாம் பத்தி. முதலில் இந்து மதம் மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியமும் 1990இல் பௌத்தமும் சேர்க்கப்பட்டன. இந்த மூன்றுக்கும் வெளியே உள்ள எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். அழகான நிறைமறை. திருப்பிச் சொன்னால், பட்டியல் சாதியினர் அனைவரும் இந்த மூன்று மதங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். இதிலிருந்து ‘தலித் கிறித்தவர்களுக்குத் தீண்டாமைக் கொடுமை கிடையாது’ என்று ஒரு தாவு தாவுகிறார்கள். எப்படித் தாவ முடியும்? ‘தீண்டாமைக்கு ஆளாகும் அனைவரும் பட்டியல் சாதியினர்’ என்ற இன்னொரு வாக்கியம் நடுவில் இருந்தால்தான் முடியும். அந்த வாக்கியம் ஆணையில் இல்லை, யாரும் நிரூபித்ததும் இல்லை. தமிழ்நாட்டில் தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்களுக்குப் போனால் அது பொய் என்று கண்ணாலேயே பார்க்கலாம். பட்டியல் சாதி என்பது ஒரு சட்டக் கூட்டம். சாதிக்கொடுமைக்கு ஆளாவோர் என்பது வேறொரு கூட்டம். இரண்டுக்கும் பெரிய பகுதி பொது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

எங்களைக் கேட்டால், இந்த நாலு வடிவங்களைவிட முக்கியமானது எழுவாயைச் சோதிப்பதுதான். ‘ஊர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஊர்ப் பொதுமக்கள் அனைவரும் வருக’ என்று திருவிழா நோட்டீஸ் போடுவார்கள். ‘எங்க ஊர்ல எல்லாரும் ஒண்ணாத்தான் தேர் இழுக்கிறோம்’ என்று டிவி மைக்கில் சொல்வார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வாயில் ஊர் என்றால் ஊர்தான், அதில் சேரி கிடையாது. ‘நீ ஊரா, காலனியா?’ என்று இன்றைக்கும் கேட்கிற மண் இது. கூட்டத்திலிருந்து நம்மை முதலிலேயே வெளியே எடுத்துவிட்டு, பிறகு ‘அனைவரும்’ என்றால் அந்த நிறைவிதி எப்போதும் உண்மையாகத்தான் இருக்கும். இதைப் பொய்யென்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ‘ஊர் என்பதில் காலனியும் சேர்த்தியா? சேர்த்தி என்றால் எங்களிடமும் கோயில் வரி வாங்குவீர்களா?’ என்று கேளுங்கள். பல ஊர்களில் நம்மிடம் வரி வாங்க மறுப்பதில்தான் விலக்கம் தொடங்குகிறது. வரி கொடுத்தவன் பங்காளி, பங்காளிக்குத் தேர் வடத்தில் கை வைக்க உரிமை உண்டு. அதனால்தான் வாங்க மாட்டார்கள்.

அரசாங்கமும் இதே வித்தையைச் செய்யும். 2021 ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் வேலையால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு பதில் சொன்னது. படித்தவர்கள் கொதித்துப்போனோம். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கிச் செத்தவர்களின் கணக்கை அதே அமைச்சகம்தான் வேறு பதில்களில் கொடுத்துக்கொண்டிருந்தது. முரண்பாடு மாதிரித் தெரியும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திறந்தால் சூட்சுமம் புரியும். அதில் கையால் மலம் அள்ளுவது ஒரு வரையறை, சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்வது தனி வரையறை. கருவியோடும் பாதுகாப்பு உடையோடும் கழிவை அள்ளுபவர் கையால் மலம் அள்ளுபவராகவே கருதப்பட மாட்டார் என்று விளக்கமும் உண்டு. ஆகவே ‘எந்த இறப்பும் இல்லை’ என்ற நிறைமறை, செத்தவர்களை வேறு பெட்டிக்கு மாற்றியதால் நின்றது. விஷவாயுவுக்கு எந்தப் பெட்டி என்று தெரியாது. இங்கே சண்டை ‘இல்லை’ என்ற சொல்லோடு இல்லை, பெட்டியோடுதான். 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியதும் நம் கையில் இருக்கும் பிடி. அந்தத் தீர்ப்புகளின்படி எந்தப் பெட்டியில் போட்டாலும் பிணம் பிணம்தான்.

ஆள் இல்லாத கூட்டத்தைப் பற்றி என்ன சொன்னாலும் செல்லும் என்பது இதன் அண்ணன் தம்பி. ‘எங்கள் பகுதியில் கையால் மலம் அள்ளும் அனைவருக்கும் மறுவாழ்வு அளிக்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வந்தால், முதல் கேள்வி ‘எத்தனை பேர்?’ என்பதாக இருக்கட்டும். பட்டியலில் பூஜ்யம் பேர் என்றால் அந்த ‘அனைவரும்’ வெறும் காற்று. இன்றைய அளவையியல் இப்படிப்பட்ட நிறைவிதியை உண்மை என்றே ஏற்றுக்கொள்ளும். அப்படி ஏற்றதும் ‘அப்படியானால் சிலருக்காவது கிடைத்திருக்கிறது’ என்று இறங்கவும் விடாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடும்போது ‘அனைவருக்கும் கிடைத்ததா?’ என்று கேட்காமல், எண்ணிக்கையைக் கேட்கச் சொல்வது இதனால்தான்.

காகிதத்தின் ‘அனைவரும்’ பற்றி மகாத்தை மறந்துவிட்டுப் பேச முடியாது. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924இல் தீர்மானித்தது. ‘அனைவரும் நீர் எடுக்கலாம்.’ 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் போய் நீர் அள்ளியபோதுதான் அந்த ‘அனைவரும்’ என்ற சொல்லின் பொருள் என்ன என்று எல்லாருக்கும் தெரிந்தது. அடி விழுந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள், நகராட்சி தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. பிறகு வழக்கில் சாதி இந்துக்கள் எதைப் பிடித்தார்கள் பாருங்கள்: இது பொதுக்குளமே இல்லை, தனியார் குளம் என்றார்கள். ‘எல்லாப் பொதுக்குளங்களும் அனைவருக்கும் உரியவை’ என்ற வாக்கியத்தை அவர்கள் மறுக்க வேண்டியதே இல்லை. இந்தக் குளத்தை அந்தக் கூட்டத்திலிருந்து உருவிவிட்டால் போதும். பத்து ஆண்டு இழுத்து 1937இல்தான் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வந்தது. ‘லாம்’ என்ற விகுதியையும் இங்கே கவனியுங்கள். எடுக்கலாம் என்பது எடுத்தார்கள் ஆகாது. ‘அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம்’ என்பது நம் தலைமுறை கேட்கும் ‘லாம்’. எத்தனை பேர் ஆகியிருக்கிறார்கள், எந்தக் கோயிலில், கருவறையிலா வெளிப் பிரகாரச் சன்னிதியிலா என்று கேட்டால்தான் அது தரையில் இறங்கும்.

இதெல்லாம் கிரேக்கக்காரன் சரக்கு, நமக்கு எதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். நான்கு வடிவங்களையும் ஒழுங்குபடுத்திய அரிஸ்டாட்டில், சில மனிதர்கள் இயற்கையிலேயே அடிமைகள் என்றும் எழுதிவைத்தவர். ஆக அவரே ஒரு குறைவிதிக்கு ஆதாரம் கொடுக்காமல் தப்பித்தவர்தான். கருவி யாருடையது என்பதற்காகக் கருவியை எறிய வேண்டுமா? அதோடு, அளவை நமக்குப் புதிதும் அல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் பெரும்பகுதி பௌத்த அளவையியல்தான். சரியான வாதம் எது, வாதம் போலத் தெரியும் போலி எது என்று ஒரு பெண்ணுக்கு அறவண அடிகள் வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறார்.

இந்த நான்கு வடிவங்களுக்குள் எல்லாமும் அடங்கிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘பெரும்பாலான கடைகளில்’ என்பதை இவற்றில் போட்டால் ‘சில’ ஆகிவிடும். பத்தில் ஒன்பதும் சில, பத்தில் ஒன்றும் சில. அது நமக்கு நஷ்டம். அதனால் களஆய்வுக்குப் போகும் மாணவர்கள் ‘பெரும்பாலும்’, ‘பரவலாக’ என்று எழுதிக்கொண்டு வர வேண்டாம். கடைகளை எண்ணுங்கள். எத்தனை கடை போனீர்கள், எத்தனையில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அவமானமும் இதில் அடங்காது. தூக்கிப்பிடித்து ஊற்றிய டீயை எந்த வடிவத்தில் எழுதினாலும், குடித்தவருக்குத் தொண்டையில் நின்றது அதில் வராது. அதற்கு வேறு எழுத்து வேண்டும். மனு அந்த எழுத்து இல்லை.

அந்தக் கிராமத்துக்கு மூன்றாவது முறை மனு எழுதினோம். ஒரு பாரா. இந்தத் தேதி, இந்த நேரம், பெருமாள் கோயில் தெரு முனையில் உள்ள இந்தக் கடை, இந்த இரண்டு பேருக்குப் பிளாஸ்டிக் கப்பிலும் அதே நேரத்தில் பெஞ்சில் இருந்த மற்ற மூன்று பேருக்குக் கண்ணாடி கிளாஸிலும் டீ கொடுத்தார்கள், பார்த்த சாட்சிகள் இவர்கள். ‘எந்த’வும் இல்லை, ‘எல்லா’வும் இல்லை.

வாங்கிப் படித்த அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். ‘ஒரே ஒரு கடையைத்தான் எழுதியிருக்கீங்க. மத்த கடையெல்லாம் ஒழுங்கா?’ என்றார்.

‘அதைப் பத்தி இதுல ஒண்ணும் சொல்லலைங்க சார்’ என்றோம். ‘அதுக்குத் தனித்தனியா மூணு மனு கொண்டு வந்திருக்கோம்.’